'எப்படித் தெரியும்?' என்றும் கேளுங்கள்: வட மாகாணத்தில் சமூகப் பணியாளர்களை மேற்பார்வை செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

யாழ்ப்பாண மாவட்டத்தின் கிராமங்களில் 25 ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகச் சென்று, குடும்பங்களோடு பேசி, அறிக்கைகள் எழுதி, அண்மையில் ஓய்வுபெற்ற ஒரு சமூகப் பணியாளரின் மடல் இது. ஒரு பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்ப்பதா உறவினரிடம் விடுவதா, ஒரு முதியவருக்கு உதவிப்பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பன எங்கள் அறிக்கைகளை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றன. எங்கள் பரிந்துரை என்னவென்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்தப் பரிந்துரைக்கு எதை அறிந்து, யாரிடம் அறிந்து வந்து சேர்ந்தோம் என்று கேட்பதில்லை. இனி அதையும் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். 12 வயதுச் சிறுமி அம்மம்மாவோடு இருந்தாள். இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவதில்லை என்று முறைப்பாடு வந்தது. நான் போனபோது முற்றம் கூட்டப்படாமல் கிடந்தது. குசினியில் முதல்நாள் சட்டி பானைகள் கழுவாமல் இருந்தன. அம்மம்மா என் முகத்தைப் பாராமலே பதில் சொன்னார். அதுபோன்ற வீடுகளை முன்னரும் கண்டிருந்தபடியால், படலையைத் தாண்டிப் பத்து நிமிடத்துக்குள் அந்த மூதாட்டிக்குப் பிள்ளையில் அக்கறை இல்லையென்று மனத்துக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். சிறுவர் இல்லத்தைப் பரிந்துரைத்து அறிக்கையும் தயாரானது.

அதைக் கையளிக்குமுன் வேறொரு அலுவலாக அந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரை (வீடுகளுக்கு வந்துபோகும் மருத்துவமாதுவை) சந்தித்தேன். பேச்சுவாக்கில், "அவவுக்குக் கண் தெரியாதெல்லோ, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். மூதாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர் கையிலிருந்த காசுத் தாள்களைத் தானே எண்ணி எடுத்துவந்த கடைக்காரருக்கு அது தெரிந்திருந்தது. சிறுமியின் விரல்களில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகளை வகுப்பாசிரியை கவனித்திருந்தார். விடியச் சமைத்து, அம்மம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவைத்துவிட்டே அவள் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. கண் பார்வை போனதென்று அறிந்தால் தாய் கடன் அடைபடுமுன் திரும்பி வந்துவிடுவார் என்று அஞ்சி, யாருக்கும் சொல்லாதே என அம்மம்மா பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தப் பிள்ளையைத் தனியே இருத்தி ஒரு கேள்வியேனும் நான் கேட்டிருக்கவில்லை. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளையின் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்கிறது. பயிற்சி வகுப்புகளில் அதை நானே மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். கண் சத்திரசிகிச்சை நடந்தது, அறிக்கையை மாற்றி எழுதினேன், பிள்ளை அம்மம்மாவோடேயே வளர்ந்தாள். குடும்பநல உத்தியோகத்தரை அன்று நான் சந்திக்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

இது என் ஒருத்தியின் கவனக்குறைவு மட்டுமன்று. பிரித்தானியாவில் 1973 முதல் 1994 வரை வெளியான, சிறுவர் துன்புறுத்தல் குறித்த 45 விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்த சமூகப் பணி ஆய்வாளர் எய்லீன் மன்ரோ, 1999இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பணியாளர்கள் கைக்கெட்டிய தகவலிலேயே தங்கிவிடுவதையும், மற்றத் துறையினர் அறிந்திருந்த முக்கியமான செய்திகளைத் தவறவிடுவதையும், ஒருமுறை கொண்ட கருத்தை மாற்றிக்கொள்ளத் தாமதிப்பதையும் அவர் கண்டார். அதை நான் வாசித்தது பிந்தித்தான். வாசித்தபோது என் முன்னே விரிந்தது அந்தக் கூட்டப்படாத முற்றமே.

அதே நாட்டில் 2003இல் வெளியான இன்னோர் ஆய்வு, சமூகப் பராமரிப்புக்கான அறிவு ஐந்து இடங்களிலிருந்து வருகிறதென வகுத்தது: நிறுவனங்கள், பணியாளர்கள், கொள்கை வகுப்போர், ஆய்வாளர்கள், உதவி பெறுவோரும் அவர்களைப் பராமரிப்போரும். எங்கள் அலுவலகங்களில் இவற்றுள் சுற்றுநிருபத்துக்கும் படிவத்துக்குமே கதிரை போடப்படுகிறது. மற்றவை எங்கள் தலைக்குள் இருந்து வேலை செய்கின்றன. தாளில் வராதபடியால் அவை சரியா பிழையா என்று எவரும் பார்ப்பதில்லை.

இந்த மண்ணில் ஓர் அறிவு மட்டும் ஒருபோதும் போதாது. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணொருவர் பொட்டோடும் தாலியோடும் வந்து எங்கள் முன் அமர்கிறார். படிவம் அவரை 'விதவை' என்ற பெட்டிக்குள் போடச் சொல்கிறது. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்யாத வீட்டில் அச்சொல் எப்படி விழும் என்பதை ஊரின் வழக்கமறிந்தவரே உணர்வார். அதே வேளையில், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழ் பெறாமலே, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம் என்று அவருக்குச் சொல்லச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். வழக்கம் மட்டும் அறிந்த பணியாளர் அவரோடு சேர்ந்து அழுவார். சட்டம் மட்டும் அறிந்தவர் அவரை அழவைத்து அனுப்புவார். இரண்டு வகையையும் நான் கண்டிருக்கிறேன்.

ஊர் சொல்வதெல்லாம் உண்மை என்றும் நான் வாதாடவில்லை. இளம் தாயொருவரின் நடத்தை சரியில்லை, பிள்ளைகளை எடுத்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டார் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், இரு காணிக்கும் நடுவே கதியால் போட்ட நாளிலிருந்து வேலிச் சண்டை. சாதி பார்த்துச் சொல்லப்படும் 'தகவல்' இதைவிட நுட்பமானது. அது அக்கறையின் குரலில் பேசும். இதனாலேயே ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்பது எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

நான் கேட்பவை பெரும் செலவுக்குரியவை அல்ல. அறிக்கைப் படிவத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் பணியாளர் தாம் கண்ணால் கண்டது, பிள்ளையோ முதியவரோ தனியே சொன்னது, அயலவர் சொன்னது, சட்டமும் சுற்றுநிருபமும் சொல்வது, தம் அனுபவத்தில் ஊகித்தது என்று பிரித்து எழுதட்டும். தம் கருத்துக்கு மாறான செய்தி ஏதும் கிடைத்ததா என்பதையும் எழுதட்டும். அயலவர் பெயரை எழுதினால் ஊருக்குள் பகை வரும் என்ற அச்சம் நியாயமானது; அப்பகுதியை உறையிட்டு வேறாகப் பாதுகாக்கலாம்.

அடுத்தது, பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் பரிந்துரை எதுவும், கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், ஆசிரியர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோர் ஒரு மேசையில் இருந்து பேசாமல் உங்கள் கைக்கு வரக்கூடாது. தற்செயலாகச் சந்தித்ததால் எனக்குத் தெரியவந்ததை மற்றவர்களும் தற்செயலாக அறிந்துகொள்ளட்டும் என்று விட முடியாது. பணியாளர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது கோப்பு மட்டும் மிஞ்சுவதையும் நினைத்துப் பாருங்கள். புதிதாக வருபவரோடு அவர் இரண்டு நாள் அந்தக் குடும்பங்களுக்குப் போய்வர விடுப்பு வழங்குங்கள். எங்கள் கிராமங்களில் தரவு சேகரித்துச் செல்லும் ஆய்வாளர்களிடம், முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தருமாறு அனுமதி வழங்கும்போதே கேளுங்கள்.

ஏற்கெனவே குவிந்துள்ள படிவங்களோடு இதுவும் ஒன்றா என்று என் இளைய சகாக்கள் சலிப்பார்கள் என்பதை அறிவேன். ஆகவே முதலில் ஒரேயொரு பிரதேச செயலகப் பிரிவில் ஆறு மாதம் செய்து பாருங்கள். அந்த அரைப் பக்கத்தின் மாதிரி ஒன்றைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அழைத்தால் கொண்டுவந்து தருகிறேன். அதை நிரப்பப்போகும் பணியாளர்களையும் அன்று கூட்டத்துக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு சமூகப் பணியாளர்