தாய்மார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நம்மிடம் புதிதாக வந்த தாய்மார்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததே கர்ப்பகாலப் பரிசோதனையில்தான். ஆண்கள் உடம்பு படுத்தினாலொழிய இரத்தம் கொடுக்கப் போவதில்லை, கர்ப்பிணிக்கோ ஆரம்பத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். ஆக வீட்டில் முதலில் வெளிவருவது அவளுடைய முடிவு, அந்த ஒரே காரணத்தால் நோயைக் கொண்டுவந்தவளும் அவளே என்று ஆகிவிடுகிறது. கணவரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் "எனக்கு எதுக்கு?" என்கிறார். அப்புறம் தட்டு தனி, படுக்கை தனி. அவர் இறந்துபோனால் நிலத்தில் பங்கு கிடையாது என்று பிள்ளையோடு வெளியே அனுப்புகிறார்கள். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று அந்தப் பரிசோதனை சொல்லவே சொல்லாது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே பரிசோதித்து, சேர்த்தே உட்கார வைத்து ஆலோசனை சொல்வதை உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே பரிந்துரைத்திருக்கிறது, அதைத்தான் சுகாதார நிலையத்திலும் விடாமல் கேட்டு வருகிறோம்.

அடுத்தது பால் கொடுக்கும் விஷயம், நம் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான். கிராமத்தில் பெற்றவள் தாய்ப்பால் கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்காத ஆள் இல்லை. கொடுத்தால் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்ற பயம், கொடுக்காவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற பயம், இரண்டுக்கும் நடுவில் தூங்காமல் கிடந்த பெண்களை நமக்குத் தெரியும். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், எச்.ஐ.வி. வைரஸை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தாய் ஒழுங்காக எடுத்து பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. மாத்திரை எடுக்கும் தாய்மார் 12 மாதமாவது பால் கொடுக்கலாம், 24 மாதம் வரையோ அதற்கு மேலுமோ தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. சில நாடுகளில் ஆலோசனை வேறு மாதிரி இருக்கிறது, அதனால் எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டில் கேட்டு அல்ல.

மருந்து கிடைக்காததால் மாத்திரையை விட்டவர்கள் நம்மிடம் குறைவு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று விட்டவர்கள்தான் அதிகம். பக்கத்திலேயே ஏ.ஆர்.டி. மையம் இருந்தும் தெரிந்த முகம் எதிரே வரும் என்று தூரத்து மையத்துக்குப் போகிறார்கள், டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வேறு பொருளுக்குள் ஒளித்து வைக்கிறார்கள், விருந்தாளி வந்தால் அன்றைய மாத்திரை தவறிப்போகிறது. மாத்திரை தவறினால் இரத்தத்தில் வைரஸ் ஏறும், அந்த மருந்து அப்புறம் வேலை செய்யாமலும் போகலாம். ஆக, ஒதுக்கி வைக்கும் ஊரால்தான் நோய் முற்றுகிறது என்று நான் இந்தச் சபையில் அழுத்தமாகவே சொல்கிறேன். ஒழுங்காக மாத்திரை எடுத்து, பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த ஜோடிகளை வைத்து நடத்தி 2016-லும் 2019-லும் வெளியான பார்ட்னர் ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன, ஆனாலும் இன்றுவரை தண்ணீர் செம்பைத் தனியாக வைக்கிறார்கள்.

பிரசவ வார்டில் கேஸ் ஷீட்டின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குறி போட்டதாக ஒரு மருத்துவமனையைப் பற்றிப் புகார் வந்தது. எழுத்தில் கொடுத்தோம், பதிலுக்காகக் காத்திருக்கிறோம், விடப்போவதில்லை.

முடியாத காரியத்தையும் நாம் கேட்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த முதல் நாடாக 2015-ல் கியூபா சான்று பெற்றது, 2016-ல் தாய்லாந்து, 2019-ல் இலங்கை.

வரும் ஆண்டில் பிரசவத்துக்குப் போகும் ஒவ்வொரு உறுப்பினருடனும் சங்கத்திலிருந்து ஒருவர் துணைக்குப் போவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாத இடத்தில்தான் கூட்டம் தொடரும், வருகைப் பதிவில் முழுப்பெயர் வேண்டாம். துணைக்குப் போக முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.