மருத்துவ ஜர்னல் எடிட்டர்களுக்கு: புள்ளியும் கமாவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

மதிப்பிற்குரிய எடிட்டர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் பிஜி (முதுநிலை) படிக்கும் டாக்டர்களும் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்களும் எழுதும் ஆய்வுப் பேப்பர்களுக்கு ரெஃபரன்ஸ் பட்டியலை, அதாவது சான்றாகக் காட்டும் கட்டுரைகளின் பட்டியலை, சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதல் முறை அனுப்பும் பேப்பரை, ரெஃபரன்ஸ் உங்கள் ஜர்னல் ஃபார்மேட்டில் இல்லை என்கிற காரணத்துக்காக மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். பேப்பரை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு எந்த ஃபார்மேட் கேட்டாலும் மாற்றித் தருகிறோம்.

எங்கள் பக்கம் ஆய்வு என்றால் ஃபுளோரைடு எப்படியும் வந்துவிடும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல் கறையையும் மூட்டு வலியையும் தினமும் ஓபியில் பார்க்கிறார்கள். 2013இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான். இந்தப் பேப்பர்களின் முன்னுரையில் 1937இல் வந்த ஒரு கட்டுரையைச் சான்றாகக் காட்டுவார்கள். ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் நெல்லூர் மாவட்டத்து ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் நோய்) பற்றி 'இந்தியன் மெடிக்கல் கெஸட்'டில் எழுதியது, 72ஆம் தொகுதி, பக்கம் 396 முதல் 398 வரை. இதையே ஒவ்வொரு ஜர்னலும் ஒவ்வொரு முறையில் எழுதச் சொல்கிறது. வான்கூவர் முறை கேட்கும் ஜர்னலுக்கு ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, முக்காற்புள்ளி, அப்புறம் 396-8 என்று நடுவில் இடமே விடாமல் ஒட்ட வேண்டும். ஏஎம்ஏ முறை என்றால் 396-398 என்று முழுசாக வேண்டும். ஏபிஏ முறை கேட்டால் ஆண்டு தூக்கிப் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போகும், ஜர்னல் பெயரை விரித்து எழுத வேண்டும், தொகுதி எண் சாய்ந்து நிற்க வேண்டும். எழுதியவர்கள் ஆறு பேரைத் தாண்டினால் ஒருவர் ஆறு பெயருக்குப் பிறகு 'எட் ஆல்' (மற்றும் பலர்) என்கிறார், இன்னொருவர் மூன்றே பெயர் போதும் என்கிறார். வரிக்குள் போடும் சான்றின் எண் சதுர அடைப்புக்குள்ளா மேலே தூக்கியா, முற்றுப்புள்ளிக்கு முன்னாலா பின்னாலா, அது வேறு. இத்தனைக்கும் கட்டுரை அதேதான், யார் தேடினாலும் கிடைக்கும்.

1978இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் கூடியதே, ஒரு பேப்பரை எந்த ஜர்னலுக்கு அனுப்பினாலும் ஒரே அமைப்பில் அனுப்பட்டும் என்பதற்காகத்தான். அந்தக் குழுதான் இன்றைய ஐசிஎம்ஜேஇ, மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு. உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர்கள் எங்கள் சுமையைக் குறைக்க நினைத்துச் செய்த காரியம் அது, அதை நீங்கள் மறுபடி கையில் எடுக்கலாம்.

ரெஃபரன்ஸைத் தானே ஃபார்மேட் செய்யும் ஜோட்டெரோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல மென்பொருள், இலவசம், கேட்பவர்களுக்கெல்லாம் நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் குடிநீர் வடிகால் வாரியத்தின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் தமிழில் இருக்கும் அரசாணையும் அதன் கட்டங்களுக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை, கையால்தான் திருத்த வேண்டியிருக்கிறது. 2019இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 41 நாடுகளின் ஆய்வாளர்களிடம் கேட்டு, ஒரு பேப்பரை ஃபார்மேட் செய்ய இடைநிலையாக (மீடியன்) 14 மணி நேரம் போகிறது என்று கணக்குச் சொன்னது. நைட் டியூட்டி முடித்து, வார்டு ரவுண்ட்ஸும் முடித்துவிட்டு வந்து உட்காரும் ஒரு பிஜிக்கு 14 மணி நேரம் என்றால் என்னவென்று உங்களில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. காட்டிய கட்டுரையைத் திறந்து, நாம் சொல்வதை அது உண்மையிலேயே சொல்கிறதா என்று படிப்பது. 2015இல் 'பியர்ஜே' ஜர்னலில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, மருத்துவ ஜர்னல்களில் காட்டப்படும் மேற்கோள்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தப்பு என்றது, மூலக் கட்டுரை சொல்வது ஒன்று, எழுதியவர் சொல்வது ஒன்று. இது உயிரோடு விளையாடும் விஷயம். 1980இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளுக்கு ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) கொடுத்ததில் அடிமைப்பட்டவர்கள் மிகக் குறைவு என்பதுதான் விஷயம். அந்தக் கடிதத்தை 608 முறை காட்டியிருக்கிறார்கள் என்று அதே ஜர்னல் 2017இல் கணக்கெடுத்து வெளியிட்டது. காட்டியவர்களில் 80 சதவீதத்துக்கு மேல், அந்த மருந்தை வாங்கியவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. வீட்டுக்கு எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்கும் அது பொருந்தும் என்பதுபோல் பரவிவிட்டது. அமெரிக்காவில் அப்புறம் எத்தனை பேர் அந்த மருந்துக்கு அடிமையாகி உயிரை விட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இந்த மாதிரித் தப்பை எந்த ஃபார்மேட் சோதனையும் பிடிக்காது.

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. அதனிடம் கேட்டால் உலகத்திலேயே இல்லாத கட்டுரைக்கு ஆண்டு, தொகுதி, பக்கம், எட் ஆல் எல்லாம் போட்டு வான்கூவர் முறையில் அப்பழுக்கில்லாமல் தந்துவிடும். உங்கள் ஃபார்மேட் சோதனையில் அது சுலபமாகத் தேறும், பென்னாகரத்து டாக்டர் கையால் தட்டிய உண்மையான சான்று அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒரு இடம் விட்டதால் திரும்பி வரும். இது சரியா?

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்களை ரொம்ப வருத்துவது இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது அப்பாவின் முதலெழுத்து. உங்கள் ஆன்லைன் படிவமோ 'லாஸ்ட் நேம்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது, ஒற்றை எழுத்தையும் ஏற்காது. சரி என்று அப்பா பெயரை விரித்துப் போடுகிறார் ஒரு பெண் டாக்டர். பேப்பர் வெளிவந்ததும் ரெஃபரன்ஸ் பட்டியல்களில் அப்பா பெயர் முழுசாக நிற்கிறது, ராத்திரி பகலாக வேலை செய்தவர் ஓர் எழுத்தாகிவிடுகிறார். அடுத்த பேப்பரில் கல்யாணமாகிக் கணவர் பெயர் சேர்ந்தால் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அவர் இரண்டு ஆள். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரும் ஆர்கிட் எண் 2012 முதல் இருக்கிறது, அதைக் கேளுங்கள், ஒற்றைப் பெயரையும் முதலெழுத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சில் வரும்போது ஒரே சீராக இருந்தால்தான் படிப்பவருக்கு வசதி. எல்சேவியர் பதிப்பகத்தின் பல ஜர்னல்கள், முதலில் அனுப்பும்போது எந்த முறையும் சரி, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்கின்றன. நீங்களும் அப்படியே சொல்லலாம், கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணோ பப்மெட் எண்ணோ இருக்கும் சான்றுகளுக்கு அதைக் கட்டாயமாகக் கேட்கலாம். மிச்சமாகும் நேரத்தில் உங்கள் அலுவலகம் பட்டியலிலிருந்து ஏதாவது நாலைந்தை எடுத்துத் திறந்து பார்க்கட்டும்: கட்டுரை இருக்கிறதா, திரும்பப் பெறப்பட்டதா, எழுதியவர் சொல்வதைத்தான் சொல்கிறதா. அதில் தப்பு இருந்து திருப்பி அனுப்பினால் நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

இதையெல்லாம் மாற்ற நாளாகும் என்றால் அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். ஃபார்மேட்டுக்காகத் திருப்பிய பேப்பர் திரும்ப வரும்போது, முதலில் எங்களிடமிருந்து வந்த தேதியையே 'பெறப்பட்ட தேதி'யாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு மருத்துவ நூலகப் பணியாளர்