இடது பக்கம் ஓடும் ஆறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெங்களூரிலிருந்து மாமல்லபுரம் வரை தனியாகக் கார் ஓட்டிப் போனவர் எழுதிய பயணக் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஓசூரில் பனி, மாமல்லபுரத்தில் அலை என்று நன்றாகவே எழுதியிருந்தார். நடுவில் கிடக்கும் எங்கள் பக்கத்துக்கு அவர் ஒதுக்கியது ஒரே வரி. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டாராம், அப்புறம் காஞ்சிபுரம் வரை பார்க்க ஒன்றுமில்லையாம். பிரியாணியில் எனக்குத் தகராறு இல்லை. சீரகச் சம்பா அரிசியும் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் இருக்கும்போது யாருக்குத்தான் வேறெதுவும் கண்ணில் படும்! அந்த ‘ஒன்றுமில்லை’க்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் காட்பாடிக்காரி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் பெங்களூரில் இருக்கிறாள். போன மார்ச்சில் அவள் வீட்டிலிருந்து தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். “நேரா வீட்டுக்குப் போம்மா, எங்கயும் நிக்காத” என்று சொல்லித்தான் அனுப்பினாள். சரி என்றேன். ஆனால் மனசில் வேறு திட்டம் இருந்தது. பாலாறு கடலில் கலக்கும் இடத்தை இந்த வயசு வரை நான் பார்த்ததில்லை.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் வழியாக வந்து, ஆந்திராவுக்குள் கொஞ்ச தூரம் ஓடி, புல்லூர் அருகே நம் எல்லைக்குள் நுழைகிறது பாலாறு. மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கிருஷ்ணகிரி தாண்டி நெடுஞ்சாலையில் வரும்போது வாணியம்பாடியில் இந்த ஆறு நம் இடது பக்கம் சேர்ந்துகொள்ளும். ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு வரை கூடவே வரும். நிறைய இடங்களில் சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தென்னந்தோப்பு வரிசையைப் பார்த்துத்தான் அங்கே ஆறு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் பேச ஆள் இருந்தால் இதெல்லாம் தவறிப்போகும். தனியாகப் போனதால் கவனிக்க முடிந்தது.

சின்ன வயதில் அந்த மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டிருக்கிறோம். இரண்டு முழம் தோண்டினால் போதும், கொஞ்ச நேரத்தில் தெளிந்து நிற்கும். பாலாறு மேலே ஓடாது, அடியில் ஓடும் என்பார் என் பாட்டி. பிறகு அந்த மணலையே லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு வேறு. 1996-இல் உச்ச நீதிமன்றம், அசுத்தம் செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொன்ன வழக்கு எங்கள் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்டதுதான். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். ஆற்றுக்கு எவ்வளவு நல்லது நடந்தது என்று கேட்டால், வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே கார்க் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள் என்பேன்.

2021 நவம்பரில் அதே ஆறு கரை கொள்ளாமல் வந்தது. காட்பாடி பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நானும்தான். என் தெருவில் இருக்கும் பிள்ளைகள் பாலாற்றில் அவ்வளவு தண்ணீரை முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மார்ச்சில் நான் போனபோது ஆற்காட்டுப் பாலத்துக்கு அடியில் மணலும் முள்செடியும்தான். அந்தப் பாலத்தைத் தாண்டினால் ஆறு நமக்கு வலது பக்கம் போய்விடும். அடுத்து வழியில் வரும் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அணைக்கட்டிலிருந்து பாலாற்றுத் தண்ணீர்தான் கால்வாய் வழியாக அதற்குப் போகிறது. ஆறு காய்ந்து கிடந்தாலும் அது வளர்த்த ஊர்களின் வழியாகத்தான் அந்தச் சாலை முழுக்கப் போகிறது. காஞ்சிபுரத்தில் சென்னைச் சாலையை விட்டுவிட்டு வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனேன்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுங்கச்சாவடியில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். கால் மணி நேரம் நின்றேன், சாவி வரவே இல்லை. தனியாக வண்டி ஓட்டும் பெண்ணுக்கு என்ன பயம் என்று எல்லோரும் இருட்டையும் திருடனையும் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் பூட்டுதான் பிரச்சினை. உங்கள் பயணப் பக்கத்தில் எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்று போடும்போது, நல்ல கழிப்பறை எங்கே என்றும் ஒரு வரி போடலாம்.

கல்பாக்கம் தாண்டி வயலூருக்குப் போய்ச் சேரும்போது மாலை நாலு மணி. அங்கே தடுப்பணைக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து நின்றது. வெயில் காலம் தொடங்கிய பிறகு பாலாற்றில் இவ்வளவு தண்ணீர்! கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு, அதற்கு அந்தப் பக்கம் கடல். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றேன்.

“பெரியாஸ்பத்திரி இருக்குதே, அந்த ஊரா? யாருக்கு உடம்பு சரியில்ல?”

யாருக்கும் ஒன்றும் இல்லை, இந்த ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது, அது எங்கே போகிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். அவர் ஆற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அவ்ளோ தூரத்துல இருந்தா வருது?” என்றார்.

அந்தக் கட்டுரையாளர் திரும்பவும் இந்த வழியாகப் போவார் என்றால் அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். வாணியம்பாடி வந்ததும் இடது பக்கம் பார்க்கட்டும். ஆற்காட்டுப் பாலம் தாண்டினால் வலது பக்கம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்