செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நாம் கூடி எழுதிய பாடநூல்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், முதன்முறையாக நம் பேரவைக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

நூலகம், மாலை வகுப்பு, நோட்டுப் புத்தகம் வழங்கல் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பது நம் ஆண்டறிக்கையின் வழக்கம். அவையெல்லாம் இந்த ஆண்டும் குறையில்லாமல் நடந்தன. விவரம் இணைப்பில் இருக்கிறது. இந்த முறை பெரும்பகுதியை ஒரே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். தமிழ்வழியில் பி.எஸ்சி. தாவரவியல் படிப்பவர்களுக்காக நாம் எழுதிய தாவரச் செயலியல் பாடநூல்தான் அது.

இது எப்படித் தொடங்கியது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மாலை வகுப்புக்கு வந்த ஒரு மாணவி தன் ஜெராக்ஸ் குறிப்பைக் காட்டினாள். சீனியரிடமிருந்து ஜூனியருக்கு என்று கைமாறிக் கைமாறி வந்த கையெழுத்துக் குறிப்பு. இலைத்துளையின் இரு பக்கமும் இருப்பது காப்பு செல். அந்தப் பிரதியில் அது 'காய்ப்பு செல்' ஆகியிருந்தது. பக்கத்தில் பென்சிலால் 'காய் உண்டாக்கும் செல்?' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான்.

சரி, தமிழில் நூலே இல்லையா என்றால், இருந்தது. 1960களில் கல்லூரிகளில் தமிழ்வழி தொடங்கியபோது அரசே பேராசிரியர்களைக் கொண்டு நூல்கள் எழுதுவித்தது. நம் நூலகத்தின் கீழ் அலமாரியில் சில இன்னும் இருக்கின்றன. நல்ல தமிழ், பொறுமையான விளக்கம். ஆனால் இலைத்துளை ஏன் திறக்கிறது என்று பார்த்தால், தரசம் (மாவுச்சத்து) சர்க்கரையாக மாறுவதால் என்று மட்டும் இருக்கிறது. பொட்டாசியம் அயனிகள் காப்பு செல்லுக்குள் நுழைவதே முதன்மைக் காரணம் என்பது 1960களின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது. எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் காலத்தில் அதுதான் அறிவியல். அப்புறம் வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. திருத்தி மறுபடி வெளியிடும் உரிமை நம்மைப் போன்றவர்களுக்கு இல்லவும் இல்லை. நம் சட்டப்படி, ஆசிரியர் பெயரில் வந்த நூலுக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு.

சென்ற பேரவையில் ஓர் உறுப்பினர் கேட்டார்: பாடத்துக்காக ஜெராக்ஸ் எடுப்பது தவறில்லை என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு இந்தப் பாடு? நியாயமான கேள்வி. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மேல் பதிப்பகங்கள் போட்ட வழக்கு அது. தீர்ப்பு மாணவர் பக்கம் வந்தது மகிழ்ச்சி. ஆனால் ஜெராக்ஸ் எடுத்தால் தவறும் சேர்ந்துதான் பிரதியாகும். மொழிபெயர்க்கவும், திருத்தவும், நம் பாடத்திட்டத்தின் ஐந்து அலகுக்கு ஏற்றபடி பிரித்து அடுக்கவும் உரிமை வேண்டும். அதைக் கொடுப்பது கட்டற்ற உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 முதல் இந்த உரிமங்களை வெளியிட்டு வருகிறது. நம் நூலுக்கு நாம் தேர்ந்துகொண்டது விக்கிப்பீடியாவுக்கும் உள்ள உரிமம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நம் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். விற்கலாம் என்ற வரி செயற்குழுவில் இரண்டு கூட்டங்களைத் தின்றது. ஊர்க்கோடி ஜெராக்ஸ் கடைக்காரர் அச்செடுத்து நாற்பது ரூபாய் கூலி வைத்து விற்றால்தானே இணையம் இல்லாத பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்று பொருளாளர் அம்மா கேட்டபின் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் கல்லூரிப் பாடநூல்களை இலவசமாக வெளியிடுகிறது. பெயர் சொல்லிவிட்டு மாற்றி எழுத அனுமதிக்கும் அதன் உயிரியல் நூலிலிருந்து சில பகுதிகளை முதலில் தமிழாக்கிப் பார்த்தோம். வாக்கியங்கள் வந்தன, பாடம் வரவில்லை. அதனால் வரிசையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, இயல்களை நம் ஆசிரியர்களே புதிதாக எழுதினார்கள். இயலுக்கு ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பார்ப்பார். அதற்குப் பிறகு, நூலக மாடியில் சனிக்கிழமை மாலை, மாணவர் ஒருவர் உரக்கப் படிப்பார். எந்த இடத்தில் நாக்கு தடுக்கியதோ, எந்த வரியை இரண்டு முறை படித்தாரோ, அங்கே கோடு போடுவோம். கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன் முடித்தாக வேண்டும். சில நாள் ஒரே பக்கம்தான் நகரும்.

சவ்வூடு பரவல் இயலில் உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பும் என்ற வழக்கமான எடுத்துக்காட்டு இருந்தது. படித்துக்கொண்டிருந்த முதலாண்டு மாணவன் நிறுத்தி, "சார், அப்போ மாவடு?" என்றான். உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாளே தண்ணீர் விட்டு, வடு சுருங்கிவிடுகிறதே, அது இதற்கு நேர் எதிர்தானே என்றான். ஆமாம், அதுதான். வெளியே உப்புச் செறிவு கூடினால் செல்லிலிருந்து நீர் வெளியேறும். திராட்சைக்குக் கீழே மாவடு ஏறியது. அடுத்த வாரம் ஒரு மாணவி சுண்டலுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையும் அதே கணக்கா என்று கேட்டாள். உலர்ந்த விதை நீரை இழுத்துப் பருப்பது முதலில் உள்ளீர்த்தலால், அதாவது சவ்வின் தேவையில்லாமல் காய்ந்த பொருளே நீரை உறிஞ்சிக்கொள்வதால், அது வேறு. அந்த வேறுபாட்டுக்குத் தனியாக அரைப் பக்கம் எழுத வேண்டி வந்தது. என் கணிப்பில் நூலின் சிறந்த அரைப் பக்கம் அது.

கலைச்சொல்லில் சண்டையே நடந்தது. நம் சங்கத்து ஐயா 'இயக்குநீர்' என்றார். பிள்ளைகள் பள்ளியிலிருந்தே 'ஹார்மோன்' என்று படித்து வந்தவர்கள். ஐயா கோபப்படவில்லை. இரண்டு சொல்லிலும் ஒரே பத்தியை எழுதிக் கொண்டுவந்து அவர்களையே படிக்கச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டுத் தம் பிரதியில் தாமே 'ஹார்மோன்' என்று திருத்தி, 'இயக்குநீர்' என்பதைச் சொல்லடைவுக்குக் கொண்டுபோனார். அந்தச் சொல்லடைவு அவர் யோசனை. இலங்கையில் உயர்தரம் (நம் பிளஸ் டூ போல) வரை உயிரியலைத் தமிழில் படிக்கிறார்கள், அவர்கள் சொற்களும் பக்கத்தில் நிற்கட்டும் என்றார். நமக்கு ஒளிச்சேர்க்கை, அங்கே ஒளித்தொகுப்பு. நமக்குச் செல், அங்கே கலம். நமக்கு நொதி, அங்கே நொதியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தம் மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டே மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார் என்பதையும் ஐயாதான் எங்களுக்குச் சொன்னார்.

இடறிய இடங்களையும் சொல்ல வேண்டும். இரண்டு இயல்கள் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி வந்தன. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மொத்தக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றியபோது உண்மையான ஆங்கில எழுத்துகளும் தமிழாகிவிட்டன. வேதிக் குறியீடுகள் எல்லாம் பொருளில்லாத எழுத்துக் குவியல். மாற்றியவன் நான். மெய்ப்பு பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பியதும் நான்தான். முதல் ஐம்பது படிகள் வீணாயின. அந்தச் செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது.

படங்களிலும் அப்படித்தான். இணையத்திலிருந்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் உரிமம் தெரியாதவை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். பதிலுக்கு மாணவர்களே ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் ஊதாநிறக் கீழ்த்தோலை உரித்து, உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லை மேல் கைப்பேசியை வைத்துப் படம் எடுத்தார்கள். செல்சுவரை விட்டு ஊதா உள்ளே சுருங்குவது மூன்று படங்களாக வந்திருக்கிறது. ஓரம் கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் தங்கள் ஆய்வகத்தில் தாங்களே பார்த்த செல் அது.

ஒரு கல்லூரி நம் நூலைப் பார்வை நூல் பட்டியலில் சேர்க்க மறுத்தது. பலர் சேர்ந்து எழுதி விலையில்லாமல் வரும் நூலுக்குத் தரம் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். மன வருத்தம்தான். நம்மோடு எழுதிய ஆசிரியர்களுக்கு இந்த உழைப்பு பதவி உயர்வுக் கணக்கில் பெரிதாக ஏறாது என்பது அதைவிட வருத்தம். தெரிந்தேதான் ஞாயிறுகளைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2024 ஜூலையில் இந்திய மொழிகளில் ஐந்தாண்டுக்குள் 22,000 நூல்கள் என்ற 'அஸ்மிதா' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நல்லதே நடக்கட்டும். அந்த நூல்களும் திருத்தும் உரிமையோடு வர வேண்டும் என்று கேட்டு மனு ஒன்றை இன்று தீர்மானமாக முன்மொழிகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் அம்மா படிப்பார். அடுத்த ஆண்டுக்கு உயிர்வேதியியல் துணைப்பாடம் எடுக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து. அதற்கு முன் தாவரச் செயலியலின் இரண்டாம் திருத்தம் முடிய வேண்டும். வாசகர்கள் இதுவரை சுட்டிய பிழைகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

ஐயா மாசி மாதம் காலமானார். ஐயா என்றால் நம் சங்கத்தில் ஒருவர்தான். பெயர் சொல்லத் தேவையில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது நான்காம் இயலின் அச்சுப்படி தலையணைக்கு அடியில் இருந்தது. 67ஆம் பக்கம் வரை சிவப்பு மையில் திருத்தியிருந்தார். 68ஆம் பக்கத்திலிருந்து பார்த்து முடிக்க, காய்ப்பு செல் குறிப்பைக் கொண்டுவந்த அந்த மாணவி முன்வந்திருக்கிறாள். இப்போது முதுநிலை முதலாண்டு படிக்கிறாள். அவளைத் திருத்தக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்கவும், இவ்வறிக்கையை ஏற்கவும் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்