கதை வாசிப்பை விழாவாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சிறுகதை, நாவல் எழுதுகிறவர்களை அழைத்து, மாதம் ஒருமுறை கட்டணமில்லாமல் கதை வாசிப்பு நடத்தலாம் என்ற பேச்சு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அவ்வப்போது எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் இப்படித் தொடங்கும் கூட்டங்கள் மூன்றாம் மாதமே வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று விழாவாகிவிடுகின்றன. மேடையில் ஏழு பேர், கீழே பன்னிரண்டு பேர். எழுத்தாளர் கைக்கு மைக் வரும்போது வெளியூர்க்காரர்கள் பஸ் நிலையத்தில் நிற்பார்கள்.

மலையில் நேரம்தான் முதல் கணக்கு. கோவையில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைக்கலாம். இங்கே மழைக்காலத்தில் நான்கு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். இருட்டிய பின் தோட்டத்துப் பாதையில் காட்டெருமையும் கரடியும் நடமாடும். ஞாயிறு பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தால்தான் பெண்களும் வயதானவர்களும் வருவார்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை என்பதால் ஞாயிறு வசதி. மதிய இடைவேளை உள்ள நூலகமானால் நூலகரிடம் முன்பே பேசி, மாவட்ட நூலக அலுவலருக்கு வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

பன்னிரண்டு மாதமும் நடத்த ஆசைப்பட வேண்டாம். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர்தான் ஆபத்து; 2009 நவம்பர் நிலச்சரிவை மறக்காதவர்கள் அந்த மாதத்தில் யாரையும் மலைப்பாதையில் அலையவிட மாட்டார்கள். ஆண்டுக்கு எட்டுக் கூட்டம் தாராளம். இடம் பார்க்கும்போது கூரையையும் பாருங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் மைக் இருந்தாலும் ஒன்றும் கேட்காது. ஓட்டுக் கூரையோ கான்கிரீட்டோ உள்ள சிறிய அறையில், முப்பது பேருக்கு மைக்கே தேவையில்லை. நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். வாசிப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அவர் முகம் யாருக்கும் தெரியாது. சுவரை ஒட்டி உட்காரவையுங்கள். மின்சாரம் போகும், பேட்டரி விளக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

இனி வாசிப்பு. பெரும்பாலான கூட்டங்கள் கெடுவது இங்கேதான். தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல். இருபது நிமிடத்துக்கு மேல் காது தாங்காது. ஆகவே 2,000 சொல் அளவுள்ள கதையே சரி. நாவலானால் ஒரே சம்பவமும் மூன்றுக்கு மிகாத பாத்திரங்களும் உள்ள அத்தியாயமாக எடுங்கள். கேட்பவரால் பக்கத்தைப் பின்னால் புரட்ட முடியாது. அச்சில் 'என்றான்', 'என்றாள்' இல்லாமலே உரையாடல் ஓடும். காதுக்கு யார் பேசுவது என்று தெரியாது, வாசிக்கும்போது அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பலர் அங்கேதான் மூச்சு வாங்கிக் குரலைத் தாழ்த்துகிறார்கள், வாக்கியமே தொலைகிறது. நீண்ட வாக்கியங்களில் மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளலாம். 14 புள்ளி எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்கள் போதும். கைபேசியைப் பார்த்து வாசித்தால் நடுவில் அழைப்பு வரும். பிரதியைச் சபைக்கு முன்கூட்டிக் கொடுத்தாலோ எல்லாரும் தாளுக்குள் தலையை விட்டுவிடுவார்கள்.

படகர் ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாழ்க்கையை எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதைகளில் வரும் வட்டாரப் பேச்சை மேடைக்காகத் திருத்த வேண்டாம். புரியாத நாலைந்து சொற்களை முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். ஆனால் கதையின் பொருளை எழுத்தாளரே முன்கூட்டி விளக்கினால், அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு கூட்டத்துக்கு இருவர். புதியவர் முதலில், பழகியவர் பிறகு. மாற்றி வைத்தால் பழகியவரின் ஆட்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள். கேள்வி ஒரு வாக்கியத்துக்குள் என்று நடத்துபவர் கறாராகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கேள்வி கேட்க எழுந்தவரே இன்னொரு சிறப்புரை ஆற்றிவிடுவார். டீயும் வர்க்கியும் வாசிப்பு முடிந்த பிறகு. முப்பது பேர் வர்க்கி கடிக்கும் சத்தத்தில் எந்தக் கதையும் எடுபடாது.

கேட்பவருக்கு இலவசம் என்றால் எழுத்தாளரும் இலவசமாக வர வேண்டும் என்பதில்லை. கூடலூரிலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பஸ் கட்டணமாவது கொடுங்கள். பொன்னாடைக்கான காசில் அவருடைய புத்தகம் இரண்டு வாங்கி, ஒன்றை நூலகத்துக்கு நன்கொடைப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுக்கலாம். நூலகக் கொள்முதல் சென்னையில் முடிவாவதால், நூறு பிரதி மட்டும் அச்சடிக்கும் உள்ளூர்க்காரரின் புத்தகம் அலமாரிக்கு வர வேறு வழி அரிது. வசதியுள்ளவர்கள் 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகவும் சேரலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்த பிறகு வரிசையாக நிற்கும் படத்தைப் போடுவதைவிட, முந்தைய வெள்ளி, சனிக்கிழமைகளில் நிகழ்ச்சிப் பகுதியில் நான்கு வரி போடுங்கள்: எந்த ஊர், யார் வாசிக்கிறார், எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு. முடியும் நேரத்தை விட்டுவிட வேண்டாம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைக் கணக்குப் பார்த்து வருபவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கோத்தகிரி.