பஸ் பாஸுக்குப் பணம் யார் கட்டுவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திரிந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பொடி எழுத்துகூடத் தெரிகிறது. அலமாரிக்கு மேலே இருக்கிற தூசியும் தெரிகிறது, அதுதான் தொல்லை. உன் மகளுக்கு வேலை நிரந்தரமானதில் எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். நீ பெற்றோர் சங்கத் தலைவர் ஆனதைத்தான் நம்ப முடியவில்லை!

மாணவர்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் கூடாது, அந்தச் செலவை அரசுப் பணத்திலிருந்து ஏற்க வேண்டும் என்று நீ எழுதிய மனுவைப் படித்தேன். பஸ் கம்பெனியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாய். எனக்கும் அதில் முழுச் சம்மதம்தான். ஆனால் பிள்ளைகள் படும் பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதியவன், பணம் எங்கிருந்து, எந்தக் கணக்கில், எத்தனை வருஷத்துக்கு வரும் என்று ஒரு வரி எழுதவில்லையே. மற்ற ஊர்களில் இடித்ததெல்லாம் அங்கேதான்.

நியூயார்க்கைப் பார். 1995இல் மாநகரம், மாநில அரசு, போக்குவரத்து ஆணையம் மூன்றும் மாணவர் பயணச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டன. மாநகரமும் மாநிலமும் ஆண்டுக்கு ஆளுக்கு 4.5 கோடி டாலர் என்று பேச்சு. வருஷம் ஏற ஏறச் செலவு ஏறியது, அந்தத் தொகை மட்டும் அசையவில்லை. பிறகு மாநில அரசு தன் பங்கையே வெட்டியது. 2009 டிசம்பரில், மாணவர்களின் இலவசப் பயண அட்டையையே படிப்படியாக நிறுத்தப்போகிறோம் என்று ஆணையம் அறிவித்துவிட்டது. பிள்ளைகள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 2010 ஜூனில்தான் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். இன்றைக்கு அதே ஊரில் நாளுக்கு நான்கு இலவசப் பயணம், விடுமுறையிலும் உண்டு. அது 2024இல் வந்தது. ஆகவே தொகையை மட்டும் எழுதிவிட்டு உட்காராதே. கட்டணமோ டீசலோ ஏறினால் அந்தத் தொகையும் தானாக ஏற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடு.

லண்டன் கதை வேறு. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2005இலிருந்தே பேருந்து இலவசம். கொரோனாவில் டிக்கெட் வசூல் படுத்ததும் அங்கே போக்குவரத்து நிர்வாகம் மத்திய அரசிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. 2020 மே மாதம் பணம் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, 18 வயதுக்குட்பட்டவர்களின் இலவசப் பயணத்தைத் தற்காலிகமாக நிறுத்துவது. கடைசியில் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் கஷ்டம் வந்ததும் முதலில் யார் மேல் கை வைக்கத் தோன்றுகிறது பார்.

எஸ்டோனியாவின் தாலின் நகரம் மட்டும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது. 2013இலிருந்து அங்கே குடியிருப்பைப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் பேருந்து இலவசம். வெளியூர்ப் பதிவோடு இருந்தவர்கள் இதற்காகவே வந்து பதிந்தார்கள். அவர்களுடைய வருமான வரியில் ஒரு பங்கு நகரத்துக்கு வந்தது. எல்லா ஊரிலும் இது நடக்காது, வரிச் சட்டம் அப்படி அமைந்திருக்க வேண்டும்.

இனி என் தொழில் விஷயம். அரசு பணம் தருகிறது என்று வைத்துக்கொள். எதை எண்ணித் தருகிறது? தமிழ்நாட்டில் 2021 மே 8ஆம் தேதி பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணத்தை நீக்கியபோது, ஈடுகட்ட ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று கூடவே சொன்னார்கள். கட்டணமில்லாச் சீட்டு ஒன்றையும் கொடுக்கவைத்தார்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் கணக்கு. ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி 31இலிருந்து 22 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பேருந்து இலவசம். அங்கே கம்பெனிகளுக்கு முழுக் கட்டணத்தையும் தருவதில்லை. இலவசம் என்பதால் மட்டும் ஏறுகிறவன் எப்படியும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டான், அதனால் கம்பெனிக்கு லாபமும் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம் என்று கணக்குப் போட்டு ஒரு பங்கைத் தருகிறார்கள். நியாயம்தான். ஆனால் காலை எட்டு மணி வண்டிக்கு இந்தக் கணக்கு முழுசாகப் பொருந்தாது. மதியம் காலியாக ஓடும் வண்டியில் நாலு பிள்ளைகள் ஏறினால் செலவு ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு நாற்பது பேர் ஏறினால் இன்னொரு வண்டி, இன்னொரு டிரைவர் வேண்டும். அந்த வண்டி மீதி நேரம் டிப்போவில் சும்மா நிற்கும். தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதோடு, காலை மாலை கூடுதல் நடைக்கு இவ்வளவு என்று தனியாகவும் கேள்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தத்தில் சீருடைக் கூட்டம் நிற்கிறது. டிரைவர் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பது அடி போய் பிரேக் போடுவார். முதுகில் பையோடு பிள்ளைகள் ஓடுவார்கள். முன்னால் வந்த நாலைந்து பேர் ஏறியதும் விசில். பாக்கிப் பேர் கையில் பாஸ் பத்திரமாக இருக்கும், வண்டி இருக்காது. டிரைவரைத் திட்டிப் பயனில்லை. வசூல் குறைந்தால் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வசதியானவன் பிள்ளைக்கு எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். வருமானச் சான்றிதழ் கேட்டு, சரிபார்த்து, வருஷா வருஷம் புதுப்பிக்க ஆகும் செலவைச் சொல்லு. வசதியானவன் பிள்ளை எப்படியும் காரில்தான் போகிறது.

பள்ளிக்கல்வித் துறையையும் விடாதே. பள்ளியே தனி வண்டி ஓட்டினால் அந்தச் செலவு யார் தலையில் விழும்? பிள்ளைகள் நகரப் பேருந்தில் போனால் மிச்சமாகிற அந்தப் பணத்தில் ஒரு பங்கு பஸ் கம்பெனிக்கு வர வேண்டும். அமெரிக்காவில் போர்ட்லண்டில் முதலில் ஒரு வரிச் சலுகையை நம்பித்தான் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு பாஸ் கொடுத்தார்கள். 2011இல் அந்தச் சலுகை போனதும் பள்ளி நிர்வாகம், மாநகரம், பேருந்து நிறுவனம் மூன்றும் செலவைப் பிரித்துக்கொண்டன.

கம்பெனியின் கடைசி மூன்று வருஷ வரவு செலவு அறிக்கை கிடைத்தால் அனுப்பு. காலை நடைகளின் கணக்கு தனியாக இருந்தால் அதையும். நானே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதே, டாக்டர் இன்னும் ஒரு மாதம் வெளியே அலையக் கூடாது என்கிறார்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்