அரை மணி நேரம் போதுமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் இத்தாலிப் பயணக் கட்டுரையில், 'பியென்சா சின்ன ஊர், சதுக்கத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும்' என்று ஒரு வரி. அந்த அரை மணி நேரம் என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும் சார். 2017இல் ஒரு சுற்றுலாக் கம்பெனியை நம்பிப் பணம் கட்டிப் போனபோது, பஸ்ஸை விட்டு இறக்கி முப்பது நிமிடம் என்றார்கள். கழிப்பறை வரிசையில் கால்வாசி போயிற்று, மீதியை வழிகாட்டியே பாலாடைக்கட்டிக் கடையில் கரைத்துவிட்டார். கட்டுரையாளரும் அதே பஸ்ஸில்தான் வந்திருப்பாரோ என்னவோ.

அப்புறம் மகள் சியேனா நகரில் படித்தபோது நானே பியென்சாவுக்குப் போய் மூன்று நாள் தங்கினேன். முன்பு கோர்சினியானோ என்ற பெயரில் இருந்த குக்கிராமம்தான் அது. அங்கே பிறந்த பிள்ளை 1458இல் போப் இரண்டாம் பயஸ் ஆனதும், ரோசெல்லினோ என்ற சிற்பியைக் கூப்பிட்டுச் சொந்த ஊரையே மாற்றிக் கட்டச் சொன்னார். மூன்று நான்கு வருடத்தில் தேவாலயம், அரண்மனை, நடுவில் இந்தச் சதுக்கம் எல்லாம் எழும்பிவிட்டன. செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஐம்பதாயிரம் பொற்காசுக்கு மேல் போக, போப்போ திட்டாமல் பரிசு கொடுத்து அனுப்பினாராம். நம் ஊர் கான்டிராக்டர்கள் காதில் இது விழாமல் இருக்கட்டும்.

சதுக்கம் என்கிறோமே தவிர அது சதுரமே இல்லை. தெருப்பக்கம் குறுகி, தேவாலயத்தை நோக்கி விரிகிறது. செங்கல் தரையில் வெள்ளைக் கல் கோடுகள், ஓரத்தில் ஒரு கிணறு. தேவாலயத்தின் இரண்டு பக்கமும் உள்ள இடைவெளியில் எட்டிப் பார்த்தால் ஓர்ச்சா பள்ளத்தாக்கு. தேவாலயத்துக்குள் போனால் பலிபீடத்தை நெருங்க நெருங்கக் கால் தானாகவே கீழே இறங்கும். சரிவில் கட்டியதால் பின்பக்கம் அன்றிலிருந்தே அமுங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சுவரில் யாரும் சித்திரம் தீட்டக்கூடாது என்று போப் 1462இல் ஆணையே போட்டார், மண் மட்டும் கேட்கவில்லை. இதையெல்லாம் அரை மணியில் பார்ப்பவர் நிஜமாகவே கெட்டிக்காரர்.

உங்களுக்குத் தெரியாததா, சொல்லவேண்டிய நிலைமை. இரண்டு வருடத்துக்கு முன் சியேனாவின் காம்போ திடலைப் புளோரன்சில் கொண்டுபோய் வைத்தீர்கள். ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். தவறைச் சொன்ன பகுதியை எல்லாம் கழித்துவிட்டு, மரியாதைக்காக நான் எழுதிய 'கட்டுரை அருமை' என்ற இரண்டு சொல்லை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சந்தா இதழ் பத்து நாள் கழித்து, அதுவும் மடங்கி வருவதை நான் பேசவே இல்லை.

கேட்பது ஒன்றுதான். 'பியென்சா தேவாலயக் கோபுரம்' என்று நீங்கள் போட்டிருக்கும் படம் எதிரே இருக்கும் நகரசபைக் கட்டிடத்தின் கோபுரம். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் 'அருமை' என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருடச் சந்தாதாரர்,
திருச்சி